மாறிய பருவமும் ஊரார் கடமையும்

(நம் சங்கத்தின் வருடாந்திர மகாநாட்டில், மாதர்களும் வாலிபர்களும் பெருந்திரளாகக் கூடியிருந்த அமர்வில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மகாசபையில் பேசும்படி சங்கத்தார் நம்மைப் பணித்தபோது, குலத்தின் பழம்பெருமையைப் பேசுவதா, பிள்ளைகளின் கல்வியைப் பேசுவதா என்று நாம் சிறிது தயங்கினோம். இரண்டும் வேண்டியவையே. ஆயினும், ஏரி வற்றிய ஊரில் பெருமை பேசுவார் யார்? வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த இரவில் பாடப் புத்தகத்தைத் தேடுவார் யார்? ஆகவே, மழையும் வெயிலும் தத்தம் முறையினின்று பிறழ்ந்துவரும் இக்காலத்தில் நம் கிராமங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்வது எவ்வாறு, அக்காரியத்தில் ஸ்திரீகளுக்கும் வாலிபர்களுக்கும் உரிய இடம் யாது என்னும் விஷயத்தையே இன்று எடுத்துக்கொண்டோம். நாம் சொல்வனவற்றுள் சில, கேட்பதற்கு இனியன அல்ல. உறவினர் கூடிய சபையாதலின், மறைக்காமல் சொல்லும் உரிமை நமக்கு உண்டென்று நம்புகின்றோம்.

காலத்தின் போக்கு

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான் சிறப்பை வைத்தார். மழையின் அருமை நம்மவர்க்கு ஒருவர் சொல்லித் தெரியவேண்டுவதன்று. நம் மாநிலம் ஓராண்டிற் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதியை வடகீழ்ப் பருவக்காற்றே தருகின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களை நம்பியே நம் ஏரிகளும் கிணறுகளும் இருக்கின்றன. அப்பருவம் அண்மைக் காலத்தில் நடந்துகொண்ட விதத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது; சென்னை நகரம் நீரில் மிதந்தது. மறுவருஷமே அப்பருவம் அடியோடு பொய்த்தது. 2017ஆம் ஆண்டு ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றவை என்று அரசு அறிவிக்க நேர்ந்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரணியத்தை அடுத்துக் கரையேறி, இருபது முப்பது வருஷம் பிள்ளைபோல் வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்தது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வண்டியில் குடிநீர் சென்றது. 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. 2024 நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரு நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. பத்து வருஷத்துக்குள் இத்தனை.

இதற்குக் காரணம் என்ன? நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் எழும் கரியமிலவாயு, கம்பளி போர்த்தாற்போல் பூமியின் வெப்பத்தை உள்ளே தேக்குகின்றது. 2024ஆம் ஆண்டு, மனிதர் கருவி கொண்டு அளக்கத் தொடங்கியபின் அதுவரை வந்த ஆண்டுகளில் எல்லாம் மிக வெப்பமானதாயிருந்தது; இயந்திரத் தொழில் பெருகுவதற்கு முந்திய காலத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை டிகிரி அதிகம். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால், காற்றானது தான் தாங்கக்கூடிய நீராவியின் அளவை ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு பெருக்கிக்கொள்ளும். அக்காற்று மழையில்லாத காலத்தில் மண்ணிலும் மரத்திலும் உள்ள ஈரத்தை மிகுதியாக உறிஞ்சும். மழைக்காலத்தில் அதனை ஒருங்கே கொட்டும். ஆகவே வறட்சியும் வெள்ளமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே.

புகையைக் குறைப்பது பெரும்பாலும் உலகத்து அரசுகளையும் பெருந்தொழில்களையும் சார்ந்த காரியம். ஆனால் வந்துவிட்ட மாறுதலுக்குத் தக்கபடி ஏரியையும், பயிரையும், வீட்டையும், வழக்கத்தையும் திருத்தி அமைத்துக்கொள்வது ஊராரைச் சார்ந்தது. இதனையே தகவமைப்பு என்று இக்காலத்து அறிஞர் வழங்குகின்றனர். நம் ஏரியின் எந்தக் கரை பலவீனமானது, எந்தத் தெருவில் முதலில் நீர் ஏறும், எந்த வீட்டில் நடக்க மாட்டாத முதியவர் இருக்கின்றார் என்பவற்றைத் தலைநகரத்திலிருப்பவர் அறியார்; ஊரார் அறிவர். ஆதலின், திட்டம் ஊரிலிருந்து எழவேண்டும்.

முன்னோர் செய்ததும் செய்யாததும்

ஊர் கூடித் திட்டமிடுவது நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39 ஆயிரம் ஏரி குளங்கள் இருக்கின்றன. ஓர் ஏரியின் கலிங்கில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும்படி தொடர் தொடராக அவற்றை அமைத்தனர். வருஷந்தோறும் தூரெடுத்து, கரையை உயர்த்தி, வரத்துக்காலைச் செப்பனிடுவதற்குக் குடிமராமத்து என்னும் வழக்கம் இருந்தது. 1858ஆம் ஆண்டில், அவ்வேலைக்கு வராதவரை வரச்செய்யும் பொருட்டுச் சென்னை மாகாணத்தில் கட்டாய வேலைச் சட்டம் ஒன்று செய்யப்பட்டது. வழக்கத்தைக் காக்கச் சட்டம் வேண்டியதாயிற்று என்றால், வழக்கம் அப்போதே தளர்ந்துவிட்டது என்பதே பொருள்.

இன்னும் முந்திச் சென்றால், உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காண்கின்றோம். முதற்பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அச்சாசனங்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்பவற்றுக்குக் குடவோலையால் ஆள் தெரியும் முறையைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரக்கூடாது என்றும் விதித்தனர். அக்காலத்தில் அத்தனை கண்டிப்பு! இதனை எடுத்துரைத்து மார்தட்டாத மேடை நம் நாட்டில் இல்லை.

ஆனால், அதே கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கின்றது. வாரியத்துக்கு வரத்தக்கவர் 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டவர், வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவர், சாத்திரம் கற்றவர். அதாவது, 35 வயதுக்கு உட்பட்ட வாலிபன் இல்லை, நிலமில்லாத உழவன் இல்லை, ஸ்திரீ இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அவர்களைக் குறை சொல்ல நாம் இதனைச் சொல்லவில்லை. அவர்கள் தம் காலத்துக்கு ஏற்ற ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினர். நம் காலத்துக்கு ஏற்ற ஒழுங்கை நாம் ஏற்படுத்தியிருக்கின்றோமா? இன்றைக்கும் நம் ஊர்க்கூட்டத்தைப் பாருங்கள். முன்வரிசையில் யார் இருக்கின்றனர்? நாற்பதைக் கடந்த, பட்டா உடைய ஆண்மக்கள். உத்தரமேரூர் விதியில் நல்லதாகிய கணக்குக் காட்டும் விதியை விட்டுவிட்டோம்; விலக்கி வைக்கும் விதியை மட்டும் எழுதாமலே காத்துவருகின்றோம்!

ஸ்திரீகள் அறிந்த ஊர்

2017ஆம் ஆண்டுக் கோடையில் நம் ஊரில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகின்றோம். குடிநீர்க் கிணறுகள் வற்றியபோது, ஊர்ப் பொதுப்பணத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதென்று கோயில் மண்டபத்தில் கூடித் தீர்மானித்தோம். அம்மண்டபத்தில் நாமும் ஒருவராயிருந்தோம். இடம் குறித்தபோது, வெளியே குடத்துடன் நின்றிருந்த ஒரு மூதாட்டி, "ஐயா, அந்த மேட்டில் உப்புத்தண்ணீர், என் மாமியார் காலத்தில் அங்கே ஒரு கிணறு வெட்டித் தூர்த்துவிட்டார்கள்" என்றாள். "பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே, ஆத்தா" என்று ஒருவர் சொல்ல, நாம் வாய்திறவாதிருந்தோம். 420 அடி தோண்டினோம். வந்தது உப்புநீரே. பணம் போயிற்று.

பின்னர் அம்மூதாட்டி காட்டிய பழங்கிணற்றைத் தூர்வாரினோம். அதிலும் பெருக்கெடுத்து ஓடவில்லை. விடியற்காலையில் முப்பது குடம் ஊறும், அவ்வளவே. ஆனால் அது சமையலுக்கான நல்ல தண்ணீர். அக்கோடையில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் நோயாளி இருந்த வீடுகளுக்கும் அந்த முப்பது குடமே உதவிற்று. எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றும், எது உவர்க்கும், எது கலங்கும் என்பதை நாள்தோறும் குடம் சுமப்பவள் அறிவாளா, மண்டபத்தில் வெற்றிலை மெல்லுபவன் அறிவானா? அன்று நாம் வாய்திறவாதிருந்ததன் வெட்கமே இன்று இம்மேடையில் வாய்திறக்கச் செய்தது என்று கொள்ளுங்கள்.

இது தண்ணீரோடு முடியும் விஷயமன்று, உயிர்ப்பிரச்னையும் ஆகும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமிப் பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டவருள் ஆண்களினும் பெண்களே அதிகம். 1991ஆம் ஆண்டில் வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்தனர். அதிலும் ஆண்களினும் பெண்களே அதிகம். ஏன்? எச்சரிக்கை கடைவீதியிலும் ஆண்கள் கூடுமிடத்திலும் சொல்லப்பட்டது. அடுக்களைக்கு வந்து எட்டவில்லை. எட்டிய பின்னும், வீட்டு ஆண்மகன் வந்து அழைக்கட்டும் என்று குழந்தைகளோடு காத்திருந்தனர். நீச்சல் கற்பிக்கப்படவில்லை. புகலிடத்தில் பெண்களுக்குத் தனிமறைவு இல்லை என்று போக நாணினர். புயல் ஆண் பெண் என்று பார்க்கவில்லை. வழக்கமே பார்த்தது.

அந்நாட்டார் இதிலிருந்து பாடம் கற்றனர். 1970ஆம் ஆண்டுப் புயலில் மூன்று லட்சத்துக்குக் குறையாதவர் மாண்டபின், செம்பிறைச் சங்கமும் அரசும் சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஊர் ஊராகத் தொண்டர்கள். அவர்கள் கையில் கொடியும், கைச்சங்கும், ஒலிபெருக்கிக் குழலும். காலப்போக்கில் பெண் தொண்டர்களைப் பெருக்கினர். இப்போது அத்தொண்டர் தொகை ஏறக்குறைய 76 ஆயிரம். அவர்களிற் பாதிப்பேர் பெண்கள். பெண்ணொருத்தி வந்து வாசலில் நின்று அழைத்தால், வீட்டிலுள்ள பெண் உடனே புறப்படுகின்றாள். 2020ஆம் ஆண்டில் ஆம்பன் என்னும் பெரும்புயல் வந்தபோது, அங்கே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர் முன்கூட்டியே புகலிடம் சேர்ந்தனர். இறந்தவர் சில பத்துப் பேரே. நல்ல கட்டிடங்களும் கரைகளும் விஞ்ஞான முன்னறிவிப்பும் இதற்குத் துணை நின்றன. ஆனால் கடைசி வாசல்வரை சென்று கதவைத் தட்டியது ஊரவர் கையே.

வாலிபர்கள் செய்யத்தக்கது

இனி வாலிபர்களைக் குறித்து. நம்மில் அறுபதைக் கடந்தவர் இம்மாறுதலின் முதற்பகுதியை மட்டும் காண்போம். இன்று பதினெட்டு வயதான பிள்ளையோ, அதன் நடுவிலேயே வாழ்ந்தாக வேண்டும். அனுபவிக்கப் போகிறவனை விட்டுவிட்டுத் திட்டம் போடுவது, மணமக்களைக் கேளாமல் மணம் முடிப்பது போன்றதாம்.

வாலிபர்களை நாம் எதற்கு அழைக்கின்றோம்? திருவிழாவில் பந்தல் கட்டவும், வெள்ளத்தில் மூட்டை தூக்கவும். அவர்கள் தோள் வேண்டும், தலை வேண்டா! ஆனால் அளந்தறியும் காரியத்துக்கு அவர்களே தக்கவர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் என்பதைப் பள்ளிப்பிள்ளையும் அறிவான். பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் காலையில் குறித்துவரலாம். மாதம் ஒருமுறை பத்துக் கிணறுகளில் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதலாம். செலவு மிகச் சிறிது. பயன் மிகப் பெரிது.

இதனைக் கற்பனை என்று எண்ணற்க. மகாராஷ்டிரத்தில் இவரே பஜார் என்னும் சிற்றூர் ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழையே பெறுவது. நம் மாநிலத்துச் சராசரியில் பாதிக்கும் குறைவு. பஞ்சம் பொறாமல் குடிகள் ஊரைவிட்டுச் சென்றுகொண்டிருந்தனர். 1989ஆம் ஆண்டளவில், முப்பது வயதும் நிரம்பாத, கல்லூரியிற் படித்த போபட்ராவ் பவார் என்பவரை அவ்வூரார் தலைவராக்கினர். குன்றுச் சரிவுகளில் வரப்பு வெட்டினர். ஓடைகளில் தடுப்பணை கட்டினர். கண்டபடி கால்நடை மேய்ப்பதையும் மரம் வெட்டுவதையும் நிறுத்தினர். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாதென்றும், கரும்பு வாழை போன்ற நீர்குடிப் பயிர்கள் வேண்டாவென்றும் தாமே விதித்துக்கொண்டனர். வருஷந்தோறும் பெய்த மழையையும் கிணற்று மட்டத்தையும் கணக்கிட்டு, இவ்வாண்டு எப்பயிர் எவ்வளவு என்று கிராமசபையில் முடிவு செய்கின்றனர். சென்ற குடிகள் திரும்பி வந்தனர். அவ்வூருக்கு மேகம் புதிதாக இரங்கவில்லை; ஊரார் கணக்குப் போடக் கற்றனர்.

நம் ஏரிக்கும் அக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உதாரணமாக, நீர்ப்பரப்பு 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கர் உள்ள ஓர் ஏரி. சராசரி ஆழம் 2 மீட்டர் என்று கொள்ளுங்கள். நிறைந்தால் 8 லட்சம் கன மீட்டர் நீர். அதில் அரை மீட்டர் வண்டல் படிந்தால் போவது 2 லட்சம் கன மீட்டர். ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு ஏறக்குறைய 12 ஆயிரம் கன மீட்டர் வேண்டும். ஆவியாகும் நீரையும் கசியும் நீரையும் தள்ளாமலே பார்த்தாலும், 67 ஹெக்டேர் விளைந்த இடத்தில் 50 ஹெக்டேரே விளையும். ஏறக்குறைய 40 ஏக்கர் தரிசு. அந்த நாற்பது ஏக்கர் யாருடையது? தலைமடைக்காரருடையதன்று, கடைமடையில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஏழையுடையது. மழை குறைந்த வருஷத்தில் ஒரு பகுதியில் நெல்லை விட்டுக் கேழ்வரகோ பயறோ விதைத்தால், நெல்லுக்கு வேண்டியதில் பாதிக்கும் குறைந்த நீரில் அந்நிலமும் விளையும். இதனை நாற்று விடுமுன் கூடிப்பேசி முடிவு செய்யவேண்டுமேயன்றி, கதிர் கருகும்போது மதகடியில் மண்டை உடைத்துக்கொண்டு முடிவு செய்யலாகாது.

நம் குற்றம்

இப்போது கசப்பான பகுதிக்கு வருகின்றோம். ஏரியின் வரத்துக்கால்களைத் தூர்த்தவர் யார்? உள்வாயில் உழுது பயிரிட்டவர் யார்? கலிங்குக்குக் கீழே நீர் ஓடும் வழியில் மதில் எழுப்பியவர் யார்? நீர்நிலைகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டில் தனிச்சட்டமே செய்யப்பட்டிருக்கின்றது. அதிகாரி வந்து அளக்கும்போது, "நம்மவர் நிலம், விட்டுக்கொடுக்கக்கூடாது" என்று சங்கத்தின் பெயரைச் சொல்லித் தடுத்தவர் நம்முள் இல்லையா? குலப்பற்று என்பது குற்றத்துக்குக் குடை பிடிப்பதன்று. அடைபட்ட நீர் ஒருநாள் தன் பழைய வழியைத் தேடி வரும். அன்று பட்டாவைப் படித்துப் பார்த்து ஒதுங்கிச் செல்லாது.

இன்னொன்று. ஏரியின் நாடித்துடிப்பை நம் எல்லாரினும் நன்கறிந்தவர் நீர்க்கட்டி. எம்மதகு எத்தனை விரல் திறந்தால் எவ்வயலுக்கு எப்போது நீர் சேரும் என்பது அவர் விரல்நுனியில் இருக்கின்றது. அவர் பெரும்பாலும் நம் குலத்தவர் அல்லர். ஊருக்கு வெளியே என்று நாம் ஒதுக்கிவைத்த தெருவினர். அவர் நின்றுகொண்டு விடை சொல்ல, நாம் அமர்ந்துகொண்டு வினவுவதே இன்றுவரை வழக்கம். அவரையும் அவர் வீட்டுப் பெண்களையும் நம்மோடு சமமாக அமர்த்தாத கூட்டம், எத்தனை தீர்மானம் போட்டாலும், ஏரியைப் பற்றிய கூட்டமாகாது. சுனாமிக்குப் பின்பு சில நிவாரண முகாம்களில் சாதி வேற்றுமை காட்டப்பட்டதாக எழுந்த முறையீடுகள் நம் நாட்டுக்கு ஏற்பட்ட மாசு. ஆகவே சங்கத்தார்க்கு நாம் சொல்வது இது: ஊர்த்திட்டம் சங்கத்தின் திட்டமாக இருத்தல் ஆகாது, அது கிராமசபையின் திட்டமாக, ஊரிலுள்ள எல்லாச் சாதியாருடைய திட்டமாக இருத்தல் வேண்டும். சங்கம் அதற்கு முதலாளியாக வேண்டா, ஊழியனாக இருக்கட்டும்.

தடைகளுக்கு விடை

"ஸ்திரீகளை அழைத்தோம், வந்தும் வாய்திறக்கவில்லை" என்பர் சிலர். மாலை ஏழு மணிக்கு, அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில், ஆண்கள் சூழ்ந்த மண்டபத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார், யார் பேசுவார்? பிற்பகலில், பள்ளிக்கூடத்திலோ அங்கன்வாடியிலோ, முதலில் அவர்கள் மட்டும் தனியே கூடிப் பேசட்டும். பேசியதை அவர்களுள் இருவர் பொதுக்கூட்டத்தில் எடுத்துரைக்கட்டும். ஊராட்சிகளில் பெண்களுக்குச் சரிபாதி இடமென்று 2016ஆம் ஆண்டில் நம் மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் உறுப்பினர் பெயர் மனைவியினுடையதும், நாற்காலியில் அமர்பவர் கணவருமாக இருத்தல் எத்தனை ஊர்களில் நாம் காணும் காட்சி! சட்டம் தந்ததை வீடு பறிக்கலாகாது.

"நிலமில்லாதவளுக்கு ஏரியைப் பற்றிப் பேச என்ன உரிமை?" என்பர் வேறு சிலர். குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடொத்த பங்கு என்று 1989ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்திலும், 2005ஆம் ஆண்டில் தேசம் முழுவதற்கும் சட்டம் வந்துவிட்டது. பட்டாவில் அவள் பெயர் ஏறாதது அவள் குற்றமா? நாற்று நடுபவள் அவள். களை பறிப்பவள் அவள். விதையைக் குதிரில் காப்பவள் அவள். வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் சுவர்ணா சப்-1, சி.ஆர். 1009 சப்-1 முதலிய நெல்வகைகளை விஞ்ஞானிகள் ஆக்கித் தந்திருக்கின்றனர்; உவர்நிலம் பொறுக்கும் களர்பாலை, குழியடிச்சான் போன்ற பழைய நெல்வகைகளும் நம்மிடை உண்டு. எவ்வயலுக்கு எவ்விதை என்று தீர்மானிக்கையில் விதை காப்பவளைக் கேளாமல் வேறு யாரைக் கேட்பது? சித்திரை வெயிலில் குனிந்து நிற்பவளும் அவளே. வெப்ப அலையையும் பேரிடர் என்று நம் மாநில அரசு 2024ஆம் ஆண்டில் அறிவித்தது. வயல்வேலை நேரத்தை விடியலுக்கு மாற்றுவதும், வரப்போரம் நிழலும் நீரும் வைப்பதும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டிய காரியங்களா?

"எல்லாம் சர்க்கார் செய்யட்டும்" என்பது மூன்றாவது தடை. சர்க்கார் செய்யவேண்டியன பல உண்டு. அவற்றைக் கேட்டுப் பெறுவதும் நம் கடமை. ஆனால் கணக்கும் படமும் கையில் வைத்துக் கேட்கும் ஊருக்கும், மாலையும் மனுவும் மட்டும் வைத்துக் கேட்கும் ஊருக்கும் வேற்றுமை உண்டு.

செய்யத்தக்கவை

இனி, நம் விண்ணப்பங்களைச் சுருங்கச் சொல்லி முடிக்கின்றோம்.

முதலாவது: ஒவ்வோர் ஊரிலும் கிராமசபையின் கீழ்ப் பன்னிருவர் கொண்ட குழு ஒன்று அமையும்படி நம் கிளைச்சங்கத்தார் முயலவேண்டும். அறுவர் பெண்கள், நால்வராவது முப்பது வயதுக்கு உட்பட்டவர், நீர்க்கட்டியும், நிலமில்லாத கூலியாளரும் கட்டாயம் இருத்தல் வேண்டும். நம் குலத்தவர் தொகை ஊரில் நம் விகிதத்துக்கு மேற்படலாகாது.

இரண்டாவது: அக்குழு மூன்று படங்கள் வரையட்டும். ஒன்று, ஏரி, கால்வாய், கிணறுகளைக் காட்டும் நீர்ப்படம். இதனைப் பெண்களும் நீர்க்கட்டியும் சொல்ல வாலிபர் வரைக. மற்றொன்று, முன்னர் நீர் ஏறிய இடங்களைக் காட்டும் அபாயப்படம். இதனை முதியோர் சொல்லுக. மூன்றாவது, தனித்திருக்கும் முதியோர், கர்ப்பிணிகள், ஊனமுற்றோர் ஆகியோரின் வீடுகளைக் குறித்த வீட்டுப்படம். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே, ஆபத்துக் காலத்தில் அவரை அழைத்துச்செல்லப் பொறுப்பேற்ற இருவர் பெயர் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது: காலக்கெடு. நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகின்றது. ஆகஸ்டு 15ஆம் தேதிச் சபையில் திட்டத்தைப் படித்து ஒப்புதல் பெறலாம். அக்டோபர் 2ஆம் தேதிச் சபையில் கால்வாய் வாரியாயிற்றா, கலிங்கு திறந்திருக்கின்றதா, கரை உறுதியாயிற்றா என்று கேட்கலாம். அதன்பின் ஐப்பசி மழைக்குச் சிலநாளே இருக்கும். மார்ச் 22ஆம் தேதி, உலகத் தண்ணீர்த் தினத்துச் சபையில், மழைக்கணக்கையும் பணக்கணக்கையும் ஒருங்கே படிக்கலாம். உத்தரமேரூரார் கொள்கையில் நாம் கைக்கொள்ளத்தக்கது அதுவே: கணக்குக் காட்டாதவர் மறுவருஷம் குழுவில் இருத்தலாகாது.

நான்காவது: சங்கத்தின் கலியாண மண்டபம், புயல் எச்சரிக்கை வந்த நாழிகை முதல் ஊரார் அனைவருக்கும் புகலிடம் என்று இம்மகாநாடு தீர்மானிக்க வேண்டும். ஒரே பந்தி, ஒரே குடிநீர், பெண்களுக்குத் தனி அறையும் தனிக் கழிப்பிடமும். சாவி மூவர் கையில் இருக்கட்டும். அவருள் ஒருவர் ஸ்திரீயாகவும், ஒருவர் நம் குலம் சாராதவராகவும் இருக்கட்டும்.

ஐந்தாவது: நீர்வழியில் நிலம் பிடித்திருக்கும் நம் உறுப்பினர், அதிகாரி வருமுன் தாமே விட்டுவிட வேண்டும். ஒரு வார்த்தை: நம் பாட்டனார் காலத்தில் எங்கள் வயலோடு சேர்ந்துவிட்ட வரத்துக்கால் துண்டு ஒன்று உண்டு. ஐந்து சென்ட் இருக்கும். சென்ற ஆடியில் வேலியைப் பிடுங்கினோம். வீட்டில் அதனை முதலில் சொன்னவள் நம் மகள், பதினேழு வயது, பள்ளியில் ஏரிப்படம் வரைந்தபோது கண்டுபிடித்தாளாம். "அப்பா, நம் வரப்பு படத்தில் இடிக்கின்றதே" என்றாள். அவளுக்கு விடை சொல்ல நமக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

மகாசபையீர்! மழை பெய்வதும் பொய்ப்பதும் நம் கையில் இல்லை. பெய்யுங்கால் தாங்கவும், பொய்க்குங்கால் பகிரவும் ஆயத்தமாயிருத்தல் நம் கையில் இருக்கின்றது. அவ்வாயத்தத்துக்கு ஊரிற் பாதியாகிய ஸ்திரீகளின் அறிவையும், வருங்காலத்துக்கு உரியவராகிய வாலிபரின் அறிவையும் வாசலில் நிறுத்திவைத்தால், குறைந்த அறிவோடு பெரிய ஆபத்தை எதிர்கொள்பவர் ஆவோம். அடுத்த ஐப்பசிக்கு முன் எத்தனை ஊர்களிலிருந்து மூன்று படங்களும் வந்து சேர்ந்தன என்று இப்பத்திரிகையிலேயே அச்சிடுமாறு காரியதரிசியாரை வேண்டிக்கொள்ளுகின்றோம். பெயர் வராத ஊரார் வெட்கப்படட்டும். பெயர் வந்த ஊரார் மற்றவர்க்கு வழிகாட்டட்டும்.  எல்லாம்வல்ல இறைவன் நம் ஏரிகளை நிறைத்து, நம் கரைகளைக் காத்தருள்வானாக.